கமைஸ் கடையில் சிகரெட் இல்லை

கமைஸ்: இல்லைன்னா இல்லதான்டா லஸ்ஸாத். எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்தான்.

லஸ்ஸாத்: டாக்சிய ரோட்டுக்குக் குறுக்க நிறுத்திட்டு ஓடி வந்திருக்கேன். ஒரு நீலப் பாக்கெட்... ஒண்ணே ஒண்ணு!

கமைஸ்: டிப்போலேர்ந்து வாரத்துக்கு ரெண்டே பண்டல் அனுப்புறாங்க. இந்த ஸ்ஃபாக்ஸ் ஊருல எவன் கடையில இருக்கு, சொல்லு?

லஸ்ஸாத்: நாலு நாளா இதே பாட்டு! துறைமுகத்துக் கடையில இல்லைன்னான். ரயிலடிக் கடைக்காரன் என் மூஞ்சியப் பாத்ததும் ஷட்டர இறக்குறான். நான் என்ன வரி வசூலுக்கா போனேன்?

கமைஸ்: சூயிங்கம் தரட்டா? புதினா போட்டது.

லஸ்ஸாத்: அத நீயே மெல்லு!

முன்சிஃப்: சலாம், கமைஸ். மீன் மார்க்கெட்டுக்கு நேரமாச்சு. வழக்கமானதக் குடு.

கமைஸ்: முன்சிஃப்... நீ அப்புறமா...

முன்சிஃப்: அப்புறமென்ன அப்புறம்? பேப்பர் கட்டுக்கு அடியில நீலமா தெரியுதே, அதத்தான் கேட்டேன். ஆங்... குடு. லஸ்ஸாத், வண்டிய எடுய்யா, என் மீனெல்லாம் வெயில்ல வேகுது! வரேன்.

லஸ்ஸாத்: கமைஸ்... இப்ப அவன் கையில போனது என்ன? புறாவா?

கமைஸ்: அது... அவனுக்குன்னு எடுத்து வெச்சது.

லஸ்ஸாத்: மீன்காரனுக்கு எடுத்து வெப்ப. முப்பது வருஷமா காலையில வந்து நிக்கறவனுக்குக் கிடையாதா? சுரங்கத்துல கால் போச்சேன்னு சர்க்கார் உனக்குப் புகையிலைக் கடை லைசன்ஸ் தரேன்னப்ப, ஆபீஸ் ஆபீஸா உன்ன ஏத்திட்டு அலைஞ்சது யாரு?

கமைஸ்: நீதான். மறக்கலடா...

லஸ்ஸாத்: பதுக்குறான்னு ஒரு வரி எழுதிப் போட்டேன்னு வெய்யி, அந்த லைசன்ஸ் நாளைக்கே பறந்துடும்!

கமைஸ்: எழுது. இந்தா பேனா. மனுவுல ஒட்டற ஸ்டாம்பும் என்கிட்டதான் வாங்கணும், தரேன். சிகரெட் மட்டும் தரமாட்டேன்.

லஸ்ஸாத்: உனக்கென்ன பைத்தியமா?

கமைஸ்: கத்தாதடா... உன் நெஞ்சுக்கு ஆகாது.

லஸ்ஸாத்: என் நெஞ்சுக்கு என்ன?

கமைஸ்: ஒண்ணுமில்ல. விடு.

லஸ்ஸாத்: விடமாட்டேன். என் நெஞ்சுக்கு என்னடா?

கமைஸ்: வாயத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்... சே! உன் வீட்டம்மா வந்துச்சு. போன வெள்ளிக்கிழமை.

லஸ்ஸாத்: வசீலாவா? இங்கயா? ஆம்பளைங்க நிக்கற கடைன்னு தெருவோட அந்த ஓரமாத்தானே நடப்பா!

கமைஸ்: இங்க மட்டுமில்ல. துறைமுகம், ரயிலடின்னு எல்லாக் கடையும் ஏறி இறங்கியிருக்கு. 'அவர் எவ்வளவு கெஞ்சினாலும் குடுக்காதீங்க... நானே கேட்டு அனுப்பினேன்னு சொன்னாலும் குடுக்காதீங்க'ன்னு அழுதுச்சுடா, இந்தக் கல்லாமேல கைய வெச்சுக்கிட்டு.

லஸ்ஸாத்: எதுக்கு?

கமைஸ்: எதுக்கா? எக்ஸ்ரேல நுரையீரல்ல ஏதோ தெரியுதாம். துனிஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிட்டாங்களாம். உன்கிட்ட சொல்லத் தைரியம் வரலைன்னுச்சு... மன்னிச்சுக்கடா. உனக்கு இப்படித் தெரிஞ்சிருக்கக் கூடாது.

லஸ்ஸாத்: யாரோட எக்ஸ்ரே?

கமைஸ்: உன்னோடதுதான். தினம் ஒரு பாக்கெட், முப்பது வருஷம்... வேற என்ன ஆகும்? உட்காரு. தண்ணி குடி.

லஸ்ஸாத்: நான் எக்ஸ்ரே எடுக்கவேயில்ல, கமைஸ்.

கமைஸ்: என்னடா சொல்ற?

லஸ்ஸாத்: இந்த வாசல்ல நின்னு ஒருநாளாவது நான் பத்தவெச்சுப் பாத்திருக்கியா? நான் ஒண்ணுகூட வாயில வெச்சதில்லடா. பொம்பள புகைக்கறான்னு தெருவுல யாரும் பேசிடக் கூடாதேன்னு, முப்பது வருஷமா நான் வாங்கிட்டுப் போறேன்... இன்னைக்குக் காலையிலகூட 'வாங்கிட்டு வாங்க'ன்னு அவதான் அனுப்பினா.