தசை படித்த வாத்தியார்

குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகிற பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு வாத்தியார் உடற்கூற்றுப் புத்தகத்தை மடியில் வைத்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அடுத்த வாரம் உடற்பயிற்சி டிரெயினிங் பரீட்சையாம். அவர் பக்கத்தில், கோட்டாற்றில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் சாயிபு.

"தசை மூணு வகை. நாம சொன்னா அசையுதது ஒண்ணு, தன்னால அசையுதது ஒண்ணு, மூணாவது இருதயம். இதுக்குமேல மண்டையில ஏற மாட்டேங்கு சாயிபே."

"இதுல என்ன இருக்கு சாரே. தொடைக்கறி நாரு நாரா பிரியும். கொடலுல நாரு தெரியாது, வழுவழுன்னு இருக்கும். இருதயத்துல நாரு உண்டு, ஆனா ஒண்ணோடொண்ணு பின்னிக் கெடக்கும்."

வாத்தியார் புத்தகத்தைப் புரட்டினார். "படத்துலயும் அப்பிடித்தான் போட்டிருக்கு."

"படம் எதுக்கு? ஒருநாள் கடைக்கு வாரும். கையில எடுத்துக் காட்டுதேன்."

"சிவ சிவா. நாங்க சைவம்லா. மாமனாருக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுல ஏத்த மாட்டாரு. முட்டைக்காரன் நடந்து போனாலே வாசல்ல தண்ணி தெளிக்கச் சொல்லுத மனுசன்."

"யாரு, வடக்குத்தெரு பெரிய வீட்டுப் பிள்ளைவாளா?"

"அவருதான். உமக்குத் தெரியுமா?"

சாயிபு பஸ்ஸை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கடைக்குப் பின்வாசல் உண்டு, நீரு அதுவழியா வாரும். புதன்கிழமை மட்டும் வேண்டாம் சாரே. அன்னைக்கு அந்த வழியா அவரு வருவாரு."