எட்டாம் நம்பர் புளியங்கொட்டை

"ராத்திரி பதினொன்றரை... தென்காசியிலிருந்து குற்றாலம் போற ரோடு. சாரல் விழுது. ஒரு வண்டி கெடையாது, ஒரு நாய் கெடையாது..."

கரண்ட் போன அறையில் அஞ்சு பேரும் ஒரே ஜமுக்காளத்துக்குள் நெருங்கினார்கள்.

"யாருக்குலே நடந்தது?" என்றான் காஜா.

"எங்க அத்தானுக்கு. நடுவில யாராவது சிரிச்சா... சொல்ல மாட்டேன்" என்றான் சங்கரபாண்டி.

அவன் அத்தான் பிச்சுமணி, நூல் மில்லில் ஸ்டாப் வாட்ச் பிடிக்கிறவர். எவள் எத்தனை நிமிஷத்தில் ஒரு சிட்டம் நூல் சுற்றுகிறாள், எப்போது தண்ணீர் குடிக்கப் போகிறாள், எல்லாம் அவர் நோட்டில் ஏறிவிடும். இருபது பேர் வேலையைப் பன்னிரண்டு பேர் செய்யலாம் என்று நிரூபித்தால் சூப்பர்வைசர் பதவி. திங்கட்கிழமை காலைக்குள் அந்தக் கணக்குக் காகிதம் போக வேண்டும்.

பெண்களை நிறுத்திவைத்துச் சோதிக்க நாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் மேஜையில் சாக்பீஸால் மில்லை வரைந்தார். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, முதுகில் நம்பர். தாயக்கட்டையை உருட்டினார். தாயம் விழுந்தால் நூல் அறும். ஐந்து விழுந்தால் கொட்டை தண்ணீர்ப் பானைக்கு நகரும். ஒரே நாளில் ஒரு வருஷ வேலை!

பன்னிரண்டு கொட்டையில் இருபது பேர் வேலை முடியவில்லை, கணக்கு உதைத்தது. எட்டாம் நம்பரில் சந்தனமாரியை வைத்தால் ஒருவேளை சரிவரும். அவள் கைவேகம் எவளுக்கும் வராது. ஆனால் சந்தனமாரி சித்திரையிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

'நோட்டில இருக்காளே, அது போதும்' என்று வைத்தார். அப்போதும் கொஞ்சம் குறைந்தது. எட்டாம் நம்பரை மட்டும், ஐந்து விழுந்தாலும், பானைக்கு விடவில்லை.

ஒரு வருஷம்... ஒரு வாய் தண்ணீர் இல்லாமல்.

கணக்கு நேராயிற்று.

அந்த ராத்திரிதான், கொட்டை டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு குற்றாலத்து வீட்டுக்கு நடந்தார். மேலகரம் தாண்டியதும் டப்பாவுக்குள் ஒரு சத்தம். நின்றார். டப்பா ஆடவில்லை. உள்ளே ஒரே ஒரு கொட்டை மட்டும் மூடியில் மோதியது. டக்... டக்...

மெஷின் எண்ணெயும் பஞ்சும் கலந்த வாசனை. முதுகுக்குப் பின்னால் வறட்டு இருமல்.

"அண்ணாச்சி... போய்க் குடிச்சிட்டு வந்திரட்டுமா?"

சந்தனமாரிதான். அனுமதி கேட்கும்போது வரும் அதே இழுப்பு.

'போம்மா' என்றால் போதும். ஆனால் எட்டாம் நம்பர் நகர்ந்தால் கணக்கு விழும், பதவி போகும். மூடியை அழுத்திப் பிடித்தார். மில்லில் தினமும் சொல்கிற பதில் தானாக வாயில் வந்தது.

"ஷிப்டு முடியட்டும்மா."

திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

காலையில் காகிதம் போயிற்று. எட்டுப் பெண்களுக்கு வேலை போயிற்று. பிச்சுமணி சூப்பர்வைசர் ஆனார்.

"பொறவு?" என்றான் காஜா.

"பொறவென்ன... வீடு அருவிக்கரை. ராவும் பகலும் தண்ணிச் சத்தம். அத்தான் செம்பைத் தூக்குவாரு. ஒதட்டுக்கு வருமுன்ன, பின்னால யாரோ மடக் மடக்குன்னு குடிக்கிற சத்தம். அவரு தூங்கும்போது அக்கா ஈரத்துணியப் பிழிஞ்சு வாயில விடுதா... அப்படித்தான் உசிரு ஓடுது."

"செம்புத் தண்ணி என்னாச்சு?"

"கவுத்துப் பாத்தேன்லே. ஒரு சொட்டு இல்ல. அடியில... ஒரு துணுக்கு பஞ்சு."