மச்சான் பிடித்த கயிறு

லாம்பைக் கொஞ்சம் தணியுங்கள்... போதும். அன்ரோனெற், சிரிப்பதென்றால் அடுத்த கொட்டிலுக்குப் போய்ச் சிரி. பேய் என்ற சொல்லை இனி நான் ஒருதரமும் சொல்லப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். என் கூட்டாளி யாகப்பரின் பெரியப்பாவுக்கு நடந்தது. யாகப்பர் கூடவே நின்று கண்டவன். ஒழுங்காக ஒரு பொய் சொல்லக்கூடத் தெரியாத மனிதன் அவன்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு, பங்குனி மாதம். மாலை ஐந்தே முக்கால். நானாட்டானைத் தாண்டி அரிப்புக்குப் போகும் வீதி... இரண்டு பக்கமும் முட்பற்றை. எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லை. ஒரு பழைய வான் மட்டும் போகிறது. ஓட்டுகிறவன் யாகப்பர். உள்ளே மட்டக்களப்பிலிருந்து சுற்றுலா வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பத்துப் பேர். முன் ஆசனத்தில் வழிகாட்டி லோறன்ஸ், அவர்தான் அந்தப் பெரியப்பா. கடைசி ஆசனத்தில், சாப்பாட்டுப் பெட்டிகளுக்கு நடுவே, லோறன்ஸின் தங்கை மார்த்தா.

மார்த்தா அந்த வானில் இருந்திருக்கக் கூடாது. சுற்றுலாக்காரருக்கு வீட்டில் சமைத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. பரிமாறுகிற பெண்ணுக்கு அன்று காய்ச்சல். வேறு வழியில்லாமல் ஏறினாள். பத்தொன்பது வருடங்களாக அவள் அரிப்புக் கடலைப் பார்த்ததில்லை. அவளுடைய புருஷன் எமிலியானுஸ் சங்கு குளிக்கப் போய், அந்தக் கடலில்தான் மேலே வராமல் போனான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

அன்று வள்ளத்தில் கயிறு பிடித்திருந்தவர் லோறன்ஸ்.

காலையில் மன்னார்க் கோட்டை, பிறகு பெருக்க மரம், தலைமன்னார்ப் பாலம் எல்லாம் பார்த்து முடித்து, கடைசியாக அரிப்பில் இறங்கினார்கள். கடலோர மண்மேட்டின் விளிம்பில் அந்த இடிந்த மாளிகை. முத்துக்குளிப்பை மேற்பார்க்க வெள்ளைக்காரத் தேசாதிபதி கட்டியது. ஊரார் சொல்வது அல்லிராணி கோட்டை. அரைவாசியைக் கடல் ஏற்கெனவே தின்றுவிட்டது. மிச்சமிருந்த தூண்களில் வெளவால் நாற்றம்... கீழே அலை மண்ணைக் கரண்டும் சத்தம்... கர்க்... கர்க்...

லோறன்ஸ் நல்ல கதைகாரர். அந்த இடத்தில் அவருக்கென்று ஒரு விளையாட்டு இருந்தது. புதுநைலோன் கயிறு ஒன்று, நுனியில் ஒரு கல். மேட்டிலிருந்து கல்லைத் தண்ணீருக்குள் இறக்குவார். எல்லாரும் மூச்சடக்க வேண்டும். அவர் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். கடைசிவரை அடக்குகிறவருக்கு ஒரு முத்துச்சிப்பி பரிசு.

இறக்குமுன் வழக்கமான பேச்சைப் பேசினார். "குளிக்கிறவன் கயித்தை ஆட்டினால் மேல நிக்கிறவன் உடனை இழுக்கவேணும். அதால கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைக்கிறது. மனிசியின்ர கூடப்பிறந்தவன்."

பரமநாதன் மாஸ்ரர் என்று ஒருவர் கேட்டார். "மச்சான் விட்டிட்டால்?"

"விடமாட்டான் மாஸ்ரர். தங்கச்சியின்ர தாலியல்லோ கையில இருக்கு."

இதையே நூறு தரம் சொல்லியிருப்பார். அன்றைக்குத்தான் தங்கை பின்னால் நின்றாள்.

"ஓம்," என்றாள் மார்த்தா. "அண்ணை கடைசிமட்டும் கையிலதான் பிடிச்சிருந்தவர். கயிறு கடலடிப் பாரில, கல்லில உரஞ்சி அறுந்துபோச்சு. அவர் என்ன செய்யிறது." பிறகு கையை நீட்டினாள். "தாங்கோ, இண்டைக்கு நான் பிடிக்கிறன்."

லோறன்ஸ் கொடுக்க விரும்பவில்லை. பத்து ஆசிரியர்களுக்கு முன்னால் மறுக்கவும் முடியவில்லை. கொடுத்தார்.

சூரியன் தண்ணீரைத் தொட்டுவிட்டது. கல் இறங்கியது... எல்லாரும் மூச்சை அடக்கினார்கள். லோறன்ஸ் எண்ணத் தொடங்கினார். இருபது... முப்பது... காற்று நின்றுபோனது. அலைச் சத்தம்கூட இல்லை. யாகப்பர் சொல்வான், தன் நெஞ்சு அடிப்பது தனக்கே கேட்டதென்று. அப்போது பீடி மணம் வந்தது. அங்கே ஒருவரும் பீடி பற்றவில்லை. லோறன்ஸ் ஒரு காலத்தில் ஓயாமல் பற்றியவர்தான், பத்தொன்பது வருடமாகத் தொடுவதில்லை.

நாற்பத்தொன்று.

"அண்ணை... கயிறு இழுபடுது."

"அலை," என்றார் லோறன்ஸ். ஆனால் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

வெட்டி வெட்டி இரண்டு இழுப்பு. நீளமாக ஒன்று. மறுபடி... வெட்டி வெட்டி இரண்டு, நீளமாக ஒன்று. குளிக்கிறவன் தன்னை இழுக்கச் சொல்லி ஆட்டும் முறை அது. எல்லாரும் கண்டார்கள். லோறன்ஸின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "விடு மார்த்தா. கயித்தை விடு," என்றார்.

அவள் விடவில்லை. இழுத்தாள். பாரம் என்றால் அப்படிப் பாரம். யாகப்பர் ஓடிப்போய்ச் சேர்ந்து பிடித்தான். ஓர் ஆளைத் தூக்குவதுபோல் இருந்தது என்றான். கை மாறி கை மாறி இழுத்தார்கள். மேட்டின் விளிம்புக்கு வந்ததும் திடீரென்று பாரம் போய்விட்டது. இரண்டு பேரும் பின்னால் விழுந்தார்கள்.

கல் இல்லை. நைலோன் நுனியோடு வேறொரு கயிறு முடிந்திருந்தது. பழைய தும்புக்கயிறு, கறுத்து, பாசி பிடித்து, ஒரு பாக நீளம், இரண்டு கையையும் விரித்த அளவு. அதன் கடைசியில் குளிக்கிறவன் கால் கொடுக்கிற சுருக்கு.

மார்த்தா முடிச்சைப் பார்த்தாள். தும்புக்கயிற்றின் அறுந்த முனை முடிச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் தடவினாள். வலையும் கயிறுமாக வாழ்ந்த பெண். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

"பாரில அறுந்ததெண்டால் தும்பு பிரிஞ்சிருக்கும், அண்ணை. இது கத்தி."

லோறன்ஸ் மண்ணில் இருந்துவிட்டார். "கயித்தைக் கட்டையில சுத்திப்போட்டு ஒரு பீடி பத்தினனான்... ஒரு பீடிதான் மார்த்தா. அவன் ஆட்டினது எனக்குத் தெரியேல்லை. இழுக்கேக்கை வெறுஞ்சுருக்கு வந்தது. உனக்கு என்னத்தைச் சொல்ல? அதுதான் அறுந்ததெண்டு காட்ட நுனியை வெட்டிக் கடலில போட்டனான்."

பத்தொன்பது வருடம் ஊரில் ஒருவரும் அவரைச் சந்தேகிக்கவில்லை. மச்சான் பிடித்த கயிறு அல்லவா, யார் கேட்பார்கள்? எனக்கு அந்த மனிதனில் கோபம்தான் வருகிறது. பாவமாகவும் இருக்கிறது.

திரும்பி வரும்போது வானில் மார்த்தா நைலோனும் தும்புமாக அந்தக் கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். அழவில்லை. ஒரு மணித்தியாலப் பயணம்... அந்தக் கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. டக்... டக்... வான் தட்டில் குளமாக நின்றது. அவ்வளவு தண்ணீர் ஒரு கயிற்றில் இருக்குமா? எனக்குத் தெரியாது.

பள்ளிமுனையில், கடற்கரை ஓரமாக இருந்த லோறன்ஸின் வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் கயிற்றை அண்ணன் கையில் கொடுத்தாள். "இனிப் பிடிச்சிருங்கோ," என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு லோறன்ஸ் வேலைக்குப் போகவில்லை. மூன்றாவது வாரம் யாகப்பர் பார்க்கப் போனான். கருக்கல் நேரம். விறாந்தைக் கதிரையில் பெரியப்பா இருக்கிறார். சவரம் செய்யவில்லை. இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து சிவந்திருக்கிறது. கையில் அந்தக் கயிறு. மார்த்தா பக்கத்தில் இருந்து சோற்றைக் குழைத்து அவருக்குத் தீத்துகிறாள். கையை எடுக்க முடியாதாம்.

"பெரியப்பா, அதை விட்டிட்டு உள்ள வாங்கோ," என்றான் யாகப்பர்.

"பொறு மோனை," என்றார் அவர். "அவன் இன்னும் ஆட்டேல்லை."

கயிறு முற்றத்து மணலில் ஓடி, வேலிக்குக் கீழால் நுழைந்து, கடலுக்குள் போனது. மறு நுனியை மார்த்தா மாமி எங்கேயோ ஒரு கட்டையில் கட்டியிருக்கிறா, அவிழ்த்துவிட்டால் மனிதன் எழும்புவார் என்று யாகப்பர் நினைத்தான். கயிற்றைத் தொட்டபடியே நடந்தான். வேலி தாண்டி... ஈரமணல் தாண்டி... முழங்கால் ஆழத் தண்ணீரில் நுனி இருந்தது.

அது எதிலும் கட்டியிருக்கவில்லை. ஆனால் கயிறு விறைத்து, நேரே கடலைப் பார்த்து நின்றது. நுனியில் இருந்த அந்தச் சுருக்கு, ஒரு கணுக்கால் அளவுக்கு இறுகியிருந்தது.