காலி பெஞ்சுகளுக்கு முன்னால் நூறு விநாடி

ஒரு தப்பு நடந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டுத்தான் வணக்கம் சொல்வேன். இந்த மார்லோ கிரீக் ஊரில் அறுபத்து மூன்று பேர், தாங்கள் கண்ணால் காணாத ஒரு காரியத்துக்காக, ஒரு மனிதனின் வேலையைப் பறிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த மனிதன் நம் ஹோல்ம்பெர்க் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியின் கோச், டெல் ராஸ்முசென். அந்தக் கடிதம் இன்று மதியம் கல்லூரித் தலைவரிடம் போக வேண்டுமா வேண்டாமா என்று சற்று நேரத்தில் அணியின் ஆதரவாளர்களான இந்தச் சங்கம் கை தூக்கப் போகிறது. தப்பு என்றேன். தவறுதல் என்று சொல்லவில்லை. தப்பு.

இப்போது வணக்கம்.

மூன்று நிமிடம் தாண்டினால் மணி அடிப்பேன் என்று எச்சரித்து, அந்த மணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு தலைமை வகிக்கும் வெர்னா ஹாலிக் அம்மையார் அவர்களே! என்னைவிட வயதில் மூத்தவர்களே, மூன்று பேர் இருக்கிறீர்கள், எண்ணிவிட்டேன்! வென்றாலும் தோற்றாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பெரும் பானைகளில் சில்லிக் குழம்பு காய்ச்சி, கூடவே இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் சுட்டு, ஊருக்கு உணவிடும் தாய்மார்களே! கடைசி மேசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் என் மனைவியின் தம்பி, அந்தக் கடிதத்தை எழுதிய கேலன் ஸ்டோல்ட்ஸ் அவர்களே! அணியின் சிவப்புத் தொப்பி போட்ட பெருமக்களே! உங்கள் எல்லாருக்கும் ஆர்வில் குச்சேராவின் வணக்கம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வயலில் சுற்றும் பாசனக் குழாய்களைப் பழுதுபார்த்துக் காலம் கழித்தவன். இந்த ஆட்டத்தை எனக்கு எந்தக் கோச்சும் கற்றுத் தரவில்லை. விதிப்புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பனிக்காலம் ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். ஆகவே இந்த அணி நன்றாக ஆடுகிறது என்று உங்களை ஏமாற்ற நான் எழுந்திருக்கவில்லை. நான்கு ஆட்டம், நான்கு தோல்வி. நம் குவார்ட்டர்பேக் பின்காலில் சாய்ந்துகொண்டே பந்தை வீசுகிறான். அது பறவைக்குப் போகிறது, ஆளுக்குப் போவதில்லை. முன்வரிசை சலித்த கோதுமைபோல் சிதறுகிறது. இதையெல்லாம் நானே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறேன். ராஸ்முசெனைக் கேளுங்கள், என் குரல் அவருக்கு நன்றாகத் தெரியும்.

அங்கே யார் சிரிக்கிறது? சிரியுங்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

சென்ற சனிக்கிழமை என்ன நடந்தது? நான்கு பகுதியில் மூன்றாம் பகுதி முடியும்போது வெஸ்ட்பிரூக் கல்லூரி முப்பத்தெட்டு, நாம் பூஜ்யம். நானும் கேலனும் பெஞ்சில் உட்கார்ந்து வாக்குவாதம் செய்துகொண்டிருந்தோம். குற்றம் குவார்ட்டர்பேக்கிடம் என்றான் அவன். அவனைக் காக்க வேண்டிய முன்வரிசையிடம் என்றேன் நான். அவன் என் அறிவைப் பற்றி ஒன்று சொன்னான். நான் அவன் அப்பாவைப் பற்றி ஒன்று சொன்னேன். என் மனைவி லோரீன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் நனைந்தாள். வானத்திலிருந்தும் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

கடைசியில் கேலன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

“அத்தான், சில்லி ஆறிடும். வர்றீங்களா, இல்ல நடந்து வர்றீங்களா?”

“உன் கார்ல ஏறுறதுக்கு நான் நடந்தே செத்துப் போவேன்” என்றேன்.

“ஒன்றரை மைல்தான். அதுக்குள்ள சாக மாட்டீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். லோரீனும் அவன் கூடவே போனாள். புத்திசாலி.

அவர்கள் பின்னால் ஊரே எழுந்தது. இருபது புள்ளிக்கு மேல் பின்தங்கினால் மூன்றாம் பகுதியோடு எழுந்துவிடுவது நம் ஊர் வழக்கம் அல்லவா? முதலில் போனால் ரொட்டிச் சுருளின் நடுத்துண்டு கிடைக்கும் அல்லவா? போனீர்கள். நான் இருந்தேன். பக்தியால் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். வீம்பால் இருந்தேன். இந்த ஊரில் கடைசிவரை உட்கார்ந்திருந்தவன் ஒரு வீம்புக்காரன் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்தைந்துக்குப் பூஜ்யம் ஆனது. ஒரு நிமிடம் நாற்பது விநாடி பாக்கி. வெஸ்ட்பிரூக் நம் எல்லைக் கோட்டுக்கு ஒரே ஒரு கெஜத்தில் பந்தை வைத்திருந்தது. முதல் முயற்சி. அவர்களுக்கு நான்கு முயற்சி, கடக்க ஒரே கெஜம். கண்ணை மூடிக்கொண்டு விழுந்தாலே கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துவிடலாம். நான் கோச்சை வைது தீர்ப்பதற்காகவே படியிறங்கி, நம் வீரர்களின் பெஞ்சுக்குப் பின்னால் உள்ள வேலிக்குப் போனேன். வாயைத் திறந்துவிட்டேன். அப்போது நம் தடுப்புப் படையின் தலைவன் ஐசக் டூமா ஓரத்துக்கு ஓடி வந்தான். சேறு பூசிய முகம். வலது கை கோதுமை மூட்டைபோல் வீங்கியிருந்தது.

“கோச், ஒரு டைம் அவுட் குடுங்க.”

“எதுக்குடா? நாப்பத்தஞ்சு கீழ இருக்கோம். இப்போ டைம் அவுட் கேட்டா ஊரு சிரிக்கும்.”

“ஊரு போயிருச்சு கோச். நாங்கதான் இருக்கோம். பசங்களுக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் மூச்சு கெடச்சா நிறுத்திருவோம்.”

ராஸ்முசென் திரும்பி மேலே பார்த்தார். ஆயிரத்து இருநூறு பேர் உட்காரும் பெஞ்சு, மழையில் பளபளவென்று கழுவி வைத்ததுபோல் காலியாகக் கிடந்தது. பிறகு என்னைப் பார்த்தார். திறந்த வாயோடு நின்ற என்னைப் பார்த்தார். நடுவரைப் பார்த்து இரண்டு கையையும் கூட்டி டைம் அவுட் கேட்டார்.

அந்த டைம் அவுட்டைத்தான் நீங்கள் தேவாலயத்தின் சமையலறை வானொலியில் கேட்டீர்கள். “நாற்பத்தைந்து புள்ளி பின்தங்கிய ராஸ்முசென் டைம் அவுட் கேட்கிறார்” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, வர்ணனையாளர் ஒலிபரப்பை நிலையத்துக்குத் திருப்பிவிட்டு நடையைக் கட்டினார். அத்தோடு வானொலியில் பன்றிச் சந்தை விலைச் செய்தி. கடிதத்தின் முதல் வரி என்ன? ‘தோல்வி உறுதியான பின்பும் டைம் அவுட் கேட்டு ஊரைக் கேலிக்கூத்தாக்கியவர்.’ கேலன், நான் சரியாகச் சொல்கிறேனா? தலையை ஆட்டுகிறான். சரியாகத்தான் சொல்கிறேன்.

பெருமக்களே, டைம் அவுட் வரைக்கும் கேட்டீர்கள். டைம் அவுட்டுக்குப் பிறகு நடந்ததைக் கேட்டீர்களா? கண்டீர்களா? கண்டவரிடம் கேட்கவாவது செய்தீர்களா?

நான் சொல்கிறேன். சொல்ல என் நாக்கு போதாது. ஆனாலும் சொல்கிறேன்.

முதல் முயற்சி. நேராக நடுவில் வந்தார்கள். இரு வரிசையும் மோதிய சத்தம் காலி மைதானத்தில் கிடங்குக் கதவு சாத்தியதுபோல் கேட்டது. நடுவர் ஒவ்வோர் ஆளாகத் தூக்கி எடுத்தார். அடியில் பந்து. இருந்த இடத்திலேயே பந்து.

இரண்டாம் முயற்சி. மறுபடியும் நடுவில். டூமா அந்த வீங்கிய கையோடு போய் விழுந்தான். கால்பந்து என்று பேர் வைத்தார்கள். காலால் ஆடுவதா அது? நெஞ்சால் ஆடுவது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அரை கெஜம் பின்னால் போனது பந்து. பின்னால்!

மூன்றாம் முயற்சி. மூலைக்குத் தூக்கி வீசினார்கள். நம் பையன் ஒருவன், இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டுப் போட்டவன், எட்டிக் குதித்து அந்தக் கட்டு விரலாலேயே பந்தைத் தட்டிவிட்டான். விழுந்தவன் எழுந்திருக்க நேரமாயிற்று. எழுந்தான். எழுந்து தன் இடத்துக்கே போனான்.

நான்காம் முயற்சி. அவர்களுடைய ஓட்டக்காரன், காளைபோல் கனமானவன், ஆட்களின் தலைக்கு மேலேயே பாய்ந்தான். நம்மவர் இருவர் கீழிருந்து எழுந்தார்கள். அந்தரத்தில், ஆமாம், அந்தரத்தில் மூன்று பேரும் மோதினார்கள். ஒரு கணம் மூவரும் மழையில் தொங்கினார்கள். நான் இந்த மைதானத்தில் ஐம்பத்தொரு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். கோப்பை வாங்கிய வருடமும் உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. மூவரும் விழுந்தார்கள். நடுவர் குனிந்தார். பந்துக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு சாண்.

ஒரு சாண்!

எதிர்ப்பக்கம் வெஸ்ட்பிரூக்காரர்கள் நூறு பேர் குடையோடு இருந்தார்கள். அவர்கள் எழுந்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு கைதட்டினார்கள். தங்கள் பையன்களுக்கு அல்ல, நம் பையன்களுக்கு. நம் பையன்களுக்கு யார் கைதட்டினார்கள்? அந்நியர்கள் கைதட்டினார்கள். நம் பக்கத்தில் இரண்டே கைகள். அந்த இரண்டும் தட்ட மறந்து வேலியைப் பிடித்துக்கொண்டிருந்தன. என் கண் நனைந்திருந்தது. மழை என்று லோரீனிடம் சொன்னேன். உங்களிடம் சொல்ல மாட்டேன்.

ஸ்கோர்போர்டில் என்ன மாறியது? ஒன்றும் மாறவில்லை. நாற்பத்தைந்து, பூஜ்யம். எதற்காக நிறுத்தினார்கள்? யாருக்குக் காட்ட நிறுத்தினார்கள்? பார்க்க ஆளில்லை, எழுத ஆளில்லை, வானொலியில் பன்றி விலை. நம்மில் எவர், பார்க்க ஒருவரும் இல்லாதபோது, கூலியில்லாத, பயனில்லாத ஒரு கெஜத்துக்காக உடம்பைக் கொடுத்திருக்கிறோம்? நான் கொடுத்ததில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் கொடுத்ததில்லை.

இருங்கள் வெர்னா, மணியைக் கீழே வையுங்கள். கொடுமை இனிமேல்தான் வருகிறது.

நான் ஒன்றரை மைல் நடந்து தேவாலயத்துக்கு வந்தேன். பையன்கள் குளித்துவிட்டு எனக்கு முன்பே வந்து தட்டோடு வரிசையில் நின்றிருந்தார்கள். பானையில் அடிக்குழம்பு. மேசைக்கு மேசை கடிதம் போய்க்கொண்டிருந்தது, ரொட்டித் தட்டின் காகித விரிப்பின் பின்பக்கத்தில் எழுதிய கடிதம். வரிசையில் நின்ற பையன்களுக்கு எதிரேயே கையெழுத்துப் போட்டீர்கள். அது போதவில்லை. கேலன் அந்தப் பேனாவை டூமாவிடம் நீட்டினான்.

“நீயும் ஒண்ணு போடுறியாப்பா? உனக்குத்தானே நெஜம் தெரியும்.”

டூமா தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைக் காட்டினான்.

“கை அடிபட்டிருக்குங்க. பேனா பிடிக்க வராது.”

அவ்வளவுதான் சொன்னான். நாலு முயற்சியையும் நிறுத்தினோம் என்று சொல்லவில்லை. டைம் அவுட் கேட்டது நான்தான் என்று சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை. கோச்சே சொல்லாததை அவன் எப்படிச் சொல்வான்? கோச் ஏன் சொல்லவில்லை? சொன்னால் பழி பையன்மேல் விழும் என்று சொல்லவில்லை. நான் எழுந்து சொல்லப் போனேன். ‘எதுவானாலும் திங்கட்கிழமைக் கூட்டத்தில், மூன்று நிமிடம்’ என்று என்னை உட்கார வைத்தீர்கள். உட்கார்ந்தேன். அது நான் செய்த தப்பு. அதையும் உங்கள் அறுபத்து மூன்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்ன கேலன்? எழுந்து பேசு.

“அத்தான், அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தப் பையன்கிட்ட பேனாவ நீட்டியிருக்க மாட்டேன். ஆனா நாலு தோல்வி தோல்விதானே?”

தோல்விதான். மறுக்கவில்லை. தோல்விக்காக ஒரு கோச்சை அனுப்புவது உங்கள் உரிமை. நவம்பரில் பத்து ஆட்டமும் முடிந்தபின் எழுதுங்கள். கணக்கைப் பார்த்துவிட்டு நானும் ஒருவேளை கையெழுத்துப் போடுவேன். ஆனால் அவர் செய்த காரியங்களிலேயே மிகச் சிறந்த காரியத்தைக் குற்றப்பத்திரிகையின் முதல் வரியாக்கி அவரை அனுப்பாதீர்கள். ஒரு பையன் மூச்சு கேட்டான். அந்த மனிதன் தன் மானத்தைக் கொடுத்து மூச்சு வாங்கித் தந்தான்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். வழக்கம்போல் சனிக்கிழமை ஆட்டத்தைப் பிடித்த படத்தோடு வந்த ராஸ்முசெனை இன்று வாக்கெடுப்பு முடியட்டும் என்று வெளித் தாழ்வாரத்தில் நிற்க வைத்திருக்கிறீர்கள். வெர்னா அம்மையார் அவரை உள்ளே அழைத்து ஒரு நாற்காலி தர வேண்டும். படம் ஓட்டுகிறவர் முதல் பாதியைக் காட்ட வேண்டாம், அந்த அவலத்தை எல்லாரும் கண்டோம். கடைசி நூறு விநாடியை மட்டும் ஓட்ட வேண்டும். கேலன் படம் முடிந்ததும் கடிதத்தின் முதல் வரியை எழுந்து நின்று உரக்கப் படிக்க வேண்டும். படிக்க முடிந்தால் சங்கம் வாக்கெடுக்கட்டும், முடியாவிட்டால் கடிதத்தை அவனே கிழிக்கட்டும். வர்ணனையாளர் வரும் சனிக்கிழமை முதல் கடைசி விசில்வரை ஒலிவாங்கியை விடக் கூடாது. தாய்மார்கள் கடைசி விசில் ஊதும்வரை பானை மூடியைத் திறக்கக் கூடாது, என் மச்சான் கெஞ்சினாலும் திறக்கக் கூடாது. குவார்ட்டர்பேக் பின்காலில் சாயாமல் வீச வேண்டும். நான் டூமாவிடம் போய், அன்று வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். மற்றவர் எல்லாரும் சனிக்கிழமை உட்கார வேண்டும். ஜெயித்தால் மட்டும் அல்ல. மழை பெய்தாலும், நாற்பத்தைந்து விழுந்தாலும், உட்கார வேண்டும்.

மூன்று நிமிடத்தை இருபதாக நீட்டியும் மணி அடிக்காத தலைவருக்கு நன்றி. பொறுத்திருந்த பெரியோருக்கும் தாய்மார்க்கும் நன்றி. மைதானத்தில் அந்தக் கோட்டில் நின்ற பதினொருவருக்கு, இங்கே இல்லாவிட்டாலும், என் தலை தாழ்ந்த வணக்கம். விளக்கை அணையுங்கள், படம் ஓடட்டும்.