இரண்டாம் முறை அமுக்கியபோது

லிஃப்டில் பொத்தானை இரண்டு தடவை அமுக்குவது என் பழக்கம். ஒரு தடவை போதும் என்று தெரியும். அவசரத்தில் விரல் கேட்பதில்லை. விசாரணை அதிகாரியானாலும் நீங்களும் அப்படி அமுக்கியிருப்பீர்கள், ஐயா.

எங்கள் அலுவலகத்தில் அப்படி அமுக்குவதற்கென்றே ஒருவர் சம்பளம் வாங்கினார். நாங்கள் எழுதும் மென்பொருளைச் சோதிப்பவர். எதை நீட்டினாலும் நொட்டை சொல்வதால் நொட்டை அக்கா என்று பெயர் வைத்தோம். வைத்தவன் நான்தான். அக்காவும் சிரித்துக்கொண்டார். நாங்கள் செய்தது, வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு வலிமருந்து செலுத்தும் சின்னக் கருவி. பொத்தானை அமுக்கினால் ஒரு வேளைக்கான மருந்து உள்ளே போகும். அதன்பின் கால் மணி நேரம், எத்தனை முறை அமுக்கினாலும் கருவி அசையக் கூடாது. அந்த நிரலை எழுதியவன் நான். அக்கா அதை ஈரக் கையால் அமுக்குவார், இடது கையால் அமுக்குவார், போர்வைக்குள் வைத்து அமுக்குவார்.

“நோயாளி உன்ன மாதிரி நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்து அமுக்க மாட்டாருப்பா” என்பார்.

சென்ற ஆண்டு, சோதிப்பதற்குத் தனியாக ஆள் தேவையா என்று மேலாளர் என்னிடம் அறிக்கை கேட்டார். தேவையில்லை என்று ஆறு பக்கம் எழுதினேன். எழுதியவரே பொறுப்போடு சோதித்தால் தரம் கூடும் என்றேன். அதில் பொய் இல்லை. பல இடங்களில் அப்படி நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. எழுதியவன் ஒழுங்கானவனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாரும் என் முதுகைத் தட்டினார்கள். அக்காவுக்கு ஒரு மாதம் கெடு கொடுத்தார்கள்.

கடைசி நாளில் அக்கா ஒரு குறிப்பை என் மேஜையில் வைத்தார். வேகமாக இரண்டு முறை அமுக்கினால் சில சமயம் இரண்டு வேளை மருந்து சேர்ந்து போகிறது என்று எழுதியிருந்தார்.

“எப்பவும் வராது. பொறுமையா பல தடவை அமுக்கிப் பாரு. என் மேல இருக்கிற கடுப்புல ஒதுக்கிடாத.”

“பாக்கிறேங்க்கா. நீங்க நிம்மதியா கிளம்புங்க.”

மறுநாள் அதன் கீழே “முயன்றோம், வரவில்லை” என்று பதிந்து, அந்தக் கோளாறைத் தீர்ந்ததாக மூடினேன். முயன்றோம் என்று பன்மையில் எழுதினாலும் நான் ஒருவன்தான்.

ஐந்து மாதம் கழித்து, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் அந்தக் கருவியோடு படுக்கையிலேயே மூச்சடங்கிப் போனார். அவருக்கு விரல் மடங்காது. மகள்தான் அமுக்கியிருக்கிறார். நிறுவனத்தின் பதில் கடிதம் எழுதும் வேலை என்னிடமே வந்தது. கருவியில் பழுதில்லை, பயன்படுத்திய முறையில்தான் தவறு என்று மரியாதையாக எழுதினேன். கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் நேரில் வந்தார். தன் கட்டைவிரலைப் பார்த்தபடியே பேசினார்.

“அப்பா வலியில துடிச்சாரு சார். பதற்றத்துல ரெண்டு தடவை அமுக்கிட்டேன். அப்ப நான்தானே கொன்னிருக்கேன்?”

தண்ணீர் கொடுத்தேன். “மனச தேத்திக்கோங்கம்மா” என்றேன். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

அக்காவின் குறிப்பைச் சோதிக்காமலே மூடிவிட்டேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். சோம்பேறித்தனம் என்று நீங்கள் குறித்துக்கொண்டீர்கள். அந்தப் பெயரோடு தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது ஐயா, அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அன்று காலை கருவியை மேஜையில் வைத்து, ஒவ்வொரு தடவைக்கும் அதைப் புதிதாகத் தொடங்கி, அக்கா சொன்னபடி வேகமாக இரண்டிரண்டு முறை அமுக்கினேன். பதினேழாவது தடவை இரண்டு வேளை மருந்து போனது. கண் ஏமாற்றுகிறதோ என்று மறுபடி முயன்றேன். சற்று நேரத்தில் மறுபடியும் போனது. சரிசெய்ய அரை நாள் ஆகியிருக்கும். ஆனால் கோளாறுப் பதிவில் கண்டுபிடித்தவர் யார் என்ற இடத்தில் அக்காவின் பெயரை எழுத வேண்டும். என் ஆறு பக்கம் என்ன ஆவது? மேஜையில் சிந்திய மருந்தைத் துடைத்துவிட்டு, வரவில்லை என்று பதிந்தேன்.

இதை அந்தப் பெண்ணிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். என் வாயால் கேட்டால் அவர் தாங்கமாட்டார்.