இந்த மண்டபத்துத் தண்ணீர் ஏன் மேடைக்கு ஓடுகிறது?

ஆடும் நாற்காலியில் ஆடாமல் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! பத்து நிமிடம்தான் என்று சொல்லிவிட்டுப் பதினோராவது நிமிடத்தில் இருமக் காத்திருக்கும் போதகர் ஐயா அவர்களே! முழங்கால் வலித்தாலும் முன்வரிசையை விட்டுக்கொடுக்காத மூத்தோர்களே! சனிக்கிழமைதோறும் இந்த மண்டபத்தைக் கழுவி, கழுவிய தண்ணீரை மேடையிலிருந்து வாசல்வரை துடைப்பத்தால் துரத்தித் துரத்தித் தோள் தேய்ந்த தாய்மார்களே! என் பேச்சுக்குப் பிறகு வரும் கிறிஸ்துமஸ் கேக்குக்காகப் பொறுமை காக்கும் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என் கையில் இருப்பது நான்கு பக்கம். நானே எழுதியது. எழுபத்தோராவது வயதில் எழுத்துப் படித்தவன் நான். எழுதப் பதினாறு நாள் ஆயிற்று. வாசிக்க அவ்வளவு ஆகாது.

கைதட்டாதீர்கள். தட்டினால் வரி தவறிவிடும்.

வாசலுக்கு வெளியே ஒருவர் வண்டியில் சாய்ந்து நிற்கிறார். என் சகலை. என் மனைவியின் தங்கையை மணந்தவர். இருபத்திரண்டு வருடமாக மனைவியை இங்கே கொண்டுவந்து விடுவார், தான் உள்ளே வரமாட்டார். இன்று அவர் உள்ளே வருவாரா, மாட்டாரா? இந்த நான்கு பக்கத்தின் சங்கதி அதுதான்.

நான் ஏன் படித்தேன்? போன வருடம் என் மனைவிக்குக் கண்ணில் புரை விழுந்தது.

"இனிமே வேதத்த நீங்கதான் வாசிக்கணும்" என்றாள்.

"எனக்குத் தொண்டை சரியில்ல" என்றேன்.

"நாப்பத்தஞ்சு வருஷமாவா?" என்றாள். "பாட்டுப் புத்தகத்தத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு உருகி உருகிப் பாடுற மனுஷன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். எனக்குத் தெரியாதா?"

தெரிந்திருக்கிறது. பெண் பார்க்கப் போன அன்று எட்டாவது வரை படித்தவன் என்று என் மாமனாரிடம் அளந்துவிட்டிருந்தேன். அந்தப் பொய்யோடு அவளும் குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

தையற்கடை வைத்திருக்கும் என் மருமகள்தான் வாத்தியார். ஒரு பிழைக்கு ஒரு முறைப்பு. ஆறு மாதம் முறைப்பு வாங்கி, முதல் சுவிசேஷத்தின் முதல் பக்கத்தைத் திறந்தேன். திறந்தால், பெயர்கள்! அவன் இவனைப் பெற்றான், இவன் அவனைப் பெற்றான். படித்தவர்கள் நீங்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள். எனக்குத் தாண்டத் தெரியாது. பதினொரு நாள் அந்தப் பெயர்களோடு குடியிருந்தேன்.

யார் அவர்கள்? இரட்சகரின் முன்னோர்கள். எல்லோரும் உத்தமர்களா? ஏமாற்றியவர் இருக்கிறார். எளியவரை வஞ்சித்தவர் இருக்கிறார். தன் படைவீரனின் மனைவியை எடுத்துக்கொண்டு, அதை மறைக்க அந்த வீரனையே போர்முனையில் சாகவிட்ட ராஜா இருக்கிறார். அந்த ராஜாவின் மகனைப் பற்றிச் சொல்லுமிடத்தில், செத்த வீரனின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறது.

"செத்தவன் பேர இங்க எதுக்கு எழுதணும்? அவன் இவங்க வம்சமே இல்லையே?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"அநியாயம் யாருக்கு நடந்துச்சுன்னு மறக்கக் கூடாதுல்ல" என்றாள்.

அன்றைக்கு அதற்கு மேல் வாசிக்கவில்லை. தொண்டை நிஜமாகவே சரியில்லை.

பெரியோர்களே, இந்த மண்டபத்துக்குத் தரை போட்டவர்கள் நாங்கள் இருவரும்தான். நான் மேஸ்திரி. சகலை மட்டம் பார்ப்பவர். ரசமட்டம் என்பது, கண்ணாடிக் குழலில் ஒரு குமிழி நடுவில் நின்றால் தரை சமம் என்று காட்டும் கருவி. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடவே உட்காருவார். அவருக்குப் பெயரே ரசமட்டம்.

கழுவுகிற தண்ணீர் வாசலுக்கு ஓட, தரையில் லேசாகச் சரிவு வைக்க வேண்டும். அதற்கு வாட்டம் என்போம். வாட்டம் எந்தப் பக்கம் என்று இஞ்சினியர் வரைபடத்தில் அம்புக்குறி போட்டு, ஒரு முனையில் மேடை, மறுமுனையில் வாசல் என்று எழுதியும் கொடுத்திருந்தார். எனக்கு அம்பு தெரிந்தது. எழுத்து தெரியவில்லை. படத்தை நான் பிடித்தது தலைகீழாக.

"வாட்டம் எந்தப் பக்கம் சகலை?" என்று கேட்டார்.

"மேடைப் பக்கம்" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"எனக்கென்ன கண்ணா தெரியாது?"

அவர் நான் சொன்னபடியே மட்டம் பார்த்தார். நூல் பிசகாமல் பார்த்தார். முதல் கழுவலிலேயே தண்ணீர் மேடையைத் தேடி வந்தது. கமிட்டி கூடியது. மேசையில் படத்தை விரித்தேன். "அம்பு வாசலைத்தானே காட்டுகிறது?" என்று கேட்டார்கள். நான் என்ன சொன்னேன்?

"நான் சரியாத்தான் சொன்னேன். மட்டம் பாத்தது சகலை."

ஒரே வாக்கியம். எழுதப் படிக்கத் தெரியாதவன் எழுதிய தீர்ப்பு. ரசமட்டம் என்ற பெயர் போய், "கோணமட்டம் வருது பாரு" என்று சொல்லிச் சிரித்தார்கள். அவருக்கு வேலை வருவது நின்றது. அக்காவும் தங்கையும் ஒரே அடுப்பில் சமைப்பது நின்றது.

பின்வரிசையில் யாரோ "அடப்பாவி" என்கிறீர்கள். ஆமாம் ஐயா. சரியாகத்தான் சொன்னீர்கள்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். வண்டிச் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பம்பை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கமிட்டியில நீ படத்த விரிச்சப்ப எதிர்ல இருந்தவங்களுக்கு எழுத்து நேரா இருந்துச்சு. உன் பக்கத்துல நின்ன எனக்குத்தான் தலைகீழாத் தெரிஞ்சுது. உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சகலை!"

"சொல்லியிருந்தா? எட்டாவது படிச்ச மாப்பிள்ளைன்னு ஊரெல்லாம் பெருமை பேசிட்டிருந்த நம்ம மாமனார் என்ன ஆயிருப்பாரு? நீதான் என்ன ஆயிருப்ப?"

அப்போதுதான் பம்பைக் கீழே வைத்தார். அவர் சொன்னார்: "பழி பெருசா கனக்கல. நீ இன்னைக்கு வருவ, நாளைக்கு வருவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் பாரு, அதுதான்டா கனத்துச்சு. சரி, எங்கிட்ட வந்து சொல்லி என்ன? பழியச் சபையிலதான போட்ட? சபையிலயே எடு. அப்புறம் பாக்கலாம்."

எடுக்கிறேன்.

இந்தத் தரையின் வாட்டம் என் தவறு! தண்ணீர் மேடைக்கு ஓடுவது என் தவறு! இருபத்திரண்டு வருடம் இந்தத் தாய்மார்கள் சுமந்த துடைப்பம் என் தவறு! அவர் பார்த்த மட்டம் அன்றும் சரி, இன்றும் சரி! கோணல் அவர் குமிழியில் இல்லை, என் நாக்கில் இருந்தது!

இப்படிப்பட்டவனுக்குக் கிறிஸ்துமஸ் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்த முதல் பக்கம் எனக்குப் பதில் சொன்னது. பட்டியலில் இருந்த பாவிகளை அழித்துவிட்டா அவர் பிறந்தார்? நல்ல வம்சமாகப் பார்த்துத் தேடியா பிறந்தார்? கோணல்களின் கடைசியில், அந்த வரிசையிலேயே, தன் பெயரையும் எழுதிக்கொண்டு பிறந்தார்! நான் நேரான பிறகு வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு நம்பிக்கை. எனக்கு வேறு எந்த நம்பிக்கையும் இல்லை. செய்யாத தவறுக்குப் பழி சுமப்பது எப்படி இருக்கும் என்று கேட்டால், நான் புத்தகத்தைக் காட்டமாட்டேன். வாசலைக் காட்டுவேன்.

என் தாள் இத்தோடு முடிந்தது. அவர் வருவார் என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

என்ன? ஏன் எல்லோரும் திரும்புகிறீர்கள்? என் கண்ணாடி வாசிக்க மட்டும்தான், வாசல்வரை தெரியாது. யாராவது சொல்லுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றுகிறாரா? கழற்றிவிட்டு?

"போதும் இறங்குடா, எல்லாருக்கும் பசிக்குது. இந்தப் பெஞ்சுல கொஞ்சம் நகருங்கம்மா."

அது அவர் குரல்தான்.

தலைவர் அவர்களே, கேட்டிருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. நமக்காக ஒரு பாலகன் பிறந்திருக்கிறார். அனைவருக்கும் கிறிஸ்து பிறப்பின் வாழ்த்து. பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்த அம்மாவுக்கு இன்னொரு முறை நன்றி.