மேல்தோல்

எனக்குச் சர்க்கரை போடாத தேநீர் போதும், ஐயா. முன்பு சொன்னதைத்தான் மறுபடியும் சொல்லப்போகிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

தாவரச் சேகரிப்புக் கூடத்தில் எனக்கு ஈரல்பாசிப் பிரிவு. ஈரப் பாறையில் ஈரல் துண்டுபோல் தட்டையாக ஒட்டி வளருமே, அதுதான். மேல்தோலில் துளை இருக்கிறதா, செதில் இருக்கிறதா, மழமழவென்று இருக்கிறதா என்று பார்த்தே இனம் பிரித்துவிடுவேன். பக்கத்து மேசை, நாங்கள் நெட்டை என்று கூப்பிடும் சக ஊழியனுடையது. வாசல் நிலையில் தலை இடிக்காமல் அவன் உள்ளே வந்ததே இல்லை. எதையும் மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்த பிறகுதான் வாய் திறப்பான். "மேலாப் பார்த்தா ஏமாந்துடுவோம் சார்" என்பான். நல்லவன். வீட்டுக்கு வந்தால் என் ஆறு வயது மகள் அவன் தோளைவிட்டு இறங்கமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஜன்னலோரம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பக்கவாட்டில் வெயில் விழுந்தது. இருவருக்கும் காதுமடலின் கீழ்நுனி கன்னத்தோடு ஒட்டியிருந்தது. எனக்குத் தொங்கும். என் மனைவிக்கும் தொங்கும். அப்புறம் புருவத்தைப் பார்த்தேன், உச்சிச் சுழியைப் பார்த்தேன். மனைவியிடம் ஒன்றும் கேட்கவில்லை. செடியிடம் யாரும் கேட்பதில்லை.

அடுத்த வாரம் அருவிக்கு மாதிரி எடுக்கப் போனோம். பாறை விளிம்பில் இரண்டு விதமாகப் படர்ந்திருந்தது. சொரசொரப்பானதில் கால் நிற்கும். மழமழப்பானதில் நிற்காது.

"எதுல கால் வைக்கட்டும் சார்?" என்றான். அந்த ஒரு விஷயத்தில் அவன் என் கண்ணை நம்பினான்.

"பளபளன்னு இருக்கு பாரு, அதுல வை."

நான் தள்ளவில்லை. கீழே கிடந்து கொஞ்ச நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பறித்த மாதிரிகளை வாடுவதற்குள் காகிதத்தில் மடிக்க வேண்டும். மடித்து முடித்தபோது சத்தம் நின்றிருந்தது.

நான் காரணம் சொன்னதும் எனக்கும் குழந்தைக்கும் நீங்கள் ரத்தம் எடுத்தீர்கள். குழந்தை என்னுடையதுதான் என்று முடிவு வந்திருக்கிறதாம். நேற்று மனைவி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "உங்க அம்மாவுக்கும் காது அப்படித்தானே ஒட்டியிருந்துச்சு? பெத்தவளை ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்திருக்கீங்களா?"

அம்மா காதை மூடித்தான் தலை வாருவாள். பார்த்த நினைவில்லை.

பரிசோதனையை இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்கள், ஐயா. ரத்தம் மாறிப் போயிருக்கும். அவசரப்பட்டு முடிவு சொல்கிற ஆள் இல்லை நான்.